காலையில் ஒரே சுற்றில் ஓடுகிறது... சூடானால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது!

பம்ப்செட் முதல் படகு வரை: எரிபொருள் வழியில் கோளாறு எங்கே என்று நாமே கண்டுபிடிக்கலாம்

‘காலையில் ஹேண்டில் போட்டால் ஒரே சுற்றில் ஓடுகிறது. இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால், கை வலிக்கச் சுற்றினாலும் எடுப்பதில்லை. ஆறவிட்டால் பழையபடி ஓடுகிறது. இதற்கு என்ன வைத்தியம்?’

கேள்வி-பதில் பகுதிக்கு இதே கேள்வி மூன்று பேரிடம் இருந்து வந்திருக்கிறது. ஒருவர் டீசல் பம்ப்செட் வைத்திருக்கிறார். இன்னொருவர் களை எடுக்கும் பவர் வீடர் வைத்திருக்கிறார். மூன்றாவது கடிதத்தை எழுதியவர் நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரைக் கிராமத்துச் சகோதரி ஒருவர். அவர் வீட்டில் கொஞ்சம் கடலைக் கொல்லையும் உண்டு, ஒரு ஃபைபர் படகும் உண்டு. ‘இன்ஜினை நிறுத்தினால் திரும்ப எடுக்காது என்று பயந்து, வலை இறக்கி ஏற்றும் வரைக்கும் என் கணவர் ஓடவிட்டே வைத்திருக்கிறார். டீசல் காசு ஒரு பக்கம். நடுக்கடலில் ஒருநாள் தானாக நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இன்னொரு பக்கம்’ என்று எழுதியிருக்கிறார்.

வேளாண்மை அலுவலர் படகு இன்ஜினைப் பற்றி எழுதலாமா என்று சிலர் நினைக்கலாம். கடற்கரை ஊர்களில் கடலும் கொல்லையும் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பதைப் பார்க்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் ஊருக்கு ஊர் பெருகின. அவற்றில் பலவற்றின் அமரத்தில் உட்கார்ந்திருப்பது ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின்தான். நம் பம்ப்செட் இன்ஜினுக்கு அது பங்காளி. டேங்க், ஃபில்டர், பம்ப், நாசில் என்று இரண்டுக்கும் உறுப்புகள் ஒன்றே. நிற்கிற இடம்தான் வேறு. வயலில் நின்றால் ஒரு முறைத் தண்ணீர் போகும். கடலில் நின்றால் காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துப் போகும். அதனால் மூன்று கடிதத்துக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரை.

சூட்டில் மட்டும் ஏன் மறுக்கிறது?

இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: எரிபொருள், காற்று, தீ. பெட்ரோல் இன்ஜினில் தீயை ஸ்பார்க் பிளக் கொடுக்கிறது. டீசல் இன்ஜினில் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்துகிற அழுத்தத்திலேயே காற்று பழுக்கச் சூடாகி, உள்ளே பீய்ச்சப்படும் டீசலைப் பற்றவைக்கிறது.

காலையில் சுலபமாக ஸ்டார்ட் ஆகிறது என்றால் இந்த மூன்றும் அடிப்படையில் சரியாக இருக்கின்றன என்று பொருள். எனவே ‘இன்ஜினே போச்சு’ என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. சூடானால் மட்டும் மாறுகிற ஏதோ ஒன்றைத்தான் தேட வேண்டும். அப்படி மாறுபவை நான்கு.

1. சூட்டில் டீசல் நீர்த்துப்போகும். தேய்ந்த பம்பில் இது அழுத்தத்தைக் குறைக்கும்.
2. சூட்டில் பெட்ரோல் ஆவியாகும். குழாயில் எண்ணெய்க்குப் பதில் ஆவி நிற்கும்.
3. சூட்டில் உலோகம் விரியும். வால்வு இடைவெளி குறைவாக இருந்தால் வால்வு முழுசாக மூடாது.
4. சூட்டில் இக்னிஷன் காயில் போன்ற மின் பாகங்கள் பலவீனமாகும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுத்தியவுடன் இன்ஜின் குளிரத் தொடங்குவதில்லை. ஓடும்போது விசிறிக் காற்றோ, சுற்றி வரும் தண்ணீரோ சூட்டை எடுத்துப் போகிறது. நிறுத்தியவுடன் அதுவும் நின்றுவிடுகிறது. சிலிண்டரில் தேங்கிய சூடு பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறுகிறது. அதனால்தான் நிறுத்திய கையோடு ஸ்டார்ட் ஆகிற பெட்ரோல் இன்ஜின், டீ குடித்துவிட்டு வந்து கால் மணி நேரம் கழித்து இழுத்தால் மறுக்கிறது. எத்தனை நிமிடம் கழித்து மறுக்கிறது, எத்தனை நிமிடம் கழித்து மறுபடி எடுக்கிறது என்று குறித்து வையுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

முதல் சோதனை: டேங்க் மூடியைத் திறங்கள்

காசு செலவில்லாத சோதனை இது. டேங்கில் இருந்து எண்ணெய் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியில் ஊசித் துளை இருக்கும். அந்தத் துளை அடைபட்டால் உள்ளே காற்றின் அழுத்தம் குறைந்து, எண்ணெய் இறங்காமல் பிடித்துக்கொள்ளும். இன்ஜின் அரை மணி நேரம் ஓடி, இழுவை குறைந்து, திணறி நின்றுவிடும். சற்று நேரம் விட்டால் எங்காவது கசிந்து காற்று உள்ளே போகும், மறுபடி ஓடும். பார்ப்பவருக்கு இது ‘சூட்டில் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது’ என்றே தோன்றும். உண்மையில் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

துளையை அடைப்பது பெரும்பாலும் தூசியும் எண்ணெயும் கலந்த பிசுக்கு. சில நேரம் குளவி மண் வைத்து மூடியிருக்கும். படகில் உப்பு படிந்திருக்கும். மழைத்தண்ணீர் இறங்கக் கூடாது என்று மூடிக்கு அடியில் பாலிதீன் தாள் வைத்து இறுக்குகிறவர்களும் உண்டு. அந்தத் தாளே இன்ஜினை நிறுத்திவிடும்.

இன்ஜின் நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் கோளாறு அங்கேதான். துளையை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்தால் போதும். பெட்ரோல் டேங்க் என்றால் இன்ஜின் சற்று ஆறிய பிறகு, அருகில் பீடி, தீப்பொறி இல்லாமல் திறக்க வேண்டும்.

டீசல் இன்ஜின்: டேங்கில் இருந்து நாசில் வரை நடந்து பாருங்கள்

மூடி சரி என்றால், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் மதகில் இருந்து கடைமடை வரை நடந்து பார்ப்பதுபோல, டேங்கில் இருந்து நாசில் வரை வரிசையாகப் பாருங்கள். நடுவில் எதையும் தாண்டக் கூடாது.

*ஓட்டம்:* பம்பின் வாயில் வந்து சேரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடியுங்கள். டேங்க் மேலே இருக்கும் இன்ஜின்களில் டீசல் தடையில்லாமல் ஒரே தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் ஃபில்டர், டேங்க் அடியில் உள்ள வலை, கொக்குக் குழாய் ஆகியவற்றில் அடைப்பு. தண்ணீர் மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் டியூபை டீசல் குழாயாகப் போட்டிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். சூட்டில் இளகி, வளைவில் மடிந்து வழியை அடைத்துவிடும். டீசலுக்கென்றே வரும் ரப்பர் ஹோஸும் திருகு கிளிப்பும்தான் சரி.

*தண்ணீர்:* பிடித்த டீசலைக் கண்ணாடி பாட்டிலில் ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். டீசலைவிடத் தண்ணீர் கனமானது. அடியில் தனியாகத் தங்கும். தண்ணீர் தெரிந்தால் டேங்கை முழுவதும் வடித்துக் கழுவ வேண்டும். பம்புக்கும் நாசிலுக்கும் எமன் தண்ணீர்தான். அதிலும் உப்புத் தண்ணீர் என்றால் துருப்பிடிக்க நாள் தேவையில்லை.

*காற்று:* குழாயில் காற்றுக் குமிழி புகுந்தால் பம்ப் அந்தக் காற்றையே அமுக்கிக்கொண்டிருக்கும், நாசில் திறக்காது. தளர்ந்த கிளிப், தேய்ந்த காப்பர் வாஷர், வெடித்த ஹோஸ் ஆகியவைதான் காற்று புகும் வாசல்கள். வெளியே டீசல் கசிந்து ஈரமாக இருக்கும் ஒவ்வோர் இணைப்பும் சந்தேகத்துக்குரியது.

காற்று எடுக்கும் முறை இது. டேங்க் குழாயைத் திறங்கள். ஃபில்டரில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும்வரை விட்டு மூடுங்கள். அடுத்து பம்ப் வாயில் உள்ள திருகையும் அதேபோலச் செய்யுங்கள். கடைசியாக, நாசில் பக்கத்து பைப் நட்டை ஒரு சுற்று தளர்த்தி, டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றுங்கள். டீசல் துள்ளித் துள்ளி வரத் தொடங்கியதும் நட்டை இறுக்குங்கள். டேங்க், ஃபில்டர், பம்ப், நாசில் என்ற வரிசையை மாற்றினால் காற்று மறுபடி வந்து சேரும்.

அழுத்தம் இருக்கிறதா? காதால் கேளுங்கள்

காரின் டயரில் காற்று சுமார் 2 பார் அழுத்தத்தில் இருக்கும். நம் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின்களில் நாசில் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். அதாவது டயரைப் போல நூறு மடங்கு. இந்த அழுத்தத்தைக் கொடுப்பது பம்புக்குள் இருக்கும் பிளஞ்சரும் பேரலும். மெக்கானிக்குகள் இரண்டையும் சேர்த்து ‘எலிமென்ட்’ என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன்.

அழுக்கு டீசல், தண்ணீர், மண்ணெண்ணெய் கலப்படம் ஆகியவற்றால் இந்த இடைவெளி தேய்ந்து அகலும். காலையில் டீசல் குளிர்ந்து கெட்டியாக இருப்பதால் சமாளித்துவிடும். சூடானதும் டீசல் நீர்த்து, தேய்ந்த இடைவெளி வழியாகப் பின்னால் கசியும். ஹேண்டிலில் நாம் சுற்றுவது மெதுவான வேகம். கசிய நேரம் நிறைய இருக்கிறது. அதனால் அழுத்தம் எழும்பாது, நாசில் திறக்காது. அதே இன்ஜின் ஓடும்போது நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது; கசிய நேரம் இல்லை. அதனால்தான் ‘ஓடும்போது ஒரு குறையும் இல்லை, நிறுத்தினால் எடுக்க மாட்டேன் என்கிறது’ என்று சொல்கிறோம்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள்.

*சத்தம்:* இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நாசிலில் ‘கிரீச்’ என்று சத்தம் கேட்க வேண்டும். சூடாக இருக்கும்போது அதே வேகத்தில் சுற்றுங்கள். அப்போது சத்தம் மங்கினாலோ, கேட்கவே இல்லை என்றாலோ பம்பின் மேல் சந்தேகம் விழுகிறது.

*வேகம்:* சூடான இன்ஜின் ஒருவர் சுற்றினால் எடுக்காமல், நல்ல பலசாலி வேகமாகச் சுற்றினால் எடுக்கிறதா? அதுவும் எலிமென்ட் தேய்மானத்தின் அடையாளம்.

*ஈரத்துணி:* இன்ஜின் நின்ற நிலையில், பம்பின் மேல் மட்டும் ஈரத்துணியைச் சுற்றி 10 நிமிடம் வையுங்கள். பிறகு சுற்றுங்கள். இன்னொரு நாள் துணி போடாமல் அதே 10 நிமிடம் காத்திருந்து சுற்றுங்கள். துணி போட்ட நாளில் மட்டும் எடுத்தால் குற்றவாளி பம்ப்தான். ஓடுகிற இன்ஜினில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, பம்ப் பிடித்துக்கொள்ளும். பம்பின் மேலோ சிலிண்டர் தலையிலோ தண்ணீரை ஊற்றவும் கூடாது, தலை வெடிக்கும்.

பம்ப் என்று உறுதியானால் உடனே முழு பம்பையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. பல மாடல்களுக்கு எலிமென்ட் தனியாகக் கிடைக்கும். நாசிலையும் சேர்த்துக் கழற்றி, டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் சோதனைக் கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பாரில் திறக்கிறது, பனித்துளிபோலத் தெளிக்கிறதா, நுனியில் சொட்டுகிறதா என்பதை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லலாம். நாசில் ஸ்பிரிங்கை வீட்டிலேயே இறுக்கி அழுத்தத்தை ஏற்றிப் பார்ப்பது வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை: நாசில் தெளிக்கும்போது எதிரே கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும்; உள்ளே சதை அழுகிவிடும். அப்படி நடந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ‘டீசல் உள்ளே பீய்ச்சிவிட்டது’ என்று சொல்லுங்கள்.

எரிபொருள் கோளாறே இல்லாத இரண்டு நிலைமைகள்

லிவரை இறக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றும்போது எதிர்ப்பு இருக்க வேண்டும். குளிரில் எதிர்ப்பு இருந்து, சூட்டில் இல்லாமல் லேசாகச் சுற்றினால் அது அழுத்தக் குறைவு. வால்வு இடைவெளி குறைந்து, சூட்டில் வால்வு மூடாமல் நிற்கலாம். கையேட்டில் சொன்ன அளவுக்கு, இன்ஜின் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறதோ அந்த நிலையில், இடைவெளிமானி வைத்துச் சரிசெய்தால் போதும்.

இதற்கு நேர்மாறாக, லிவரைத் தூக்கியும் ஹேண்டில் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால் பிஸ்டன் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. வலுக்கட்டாயமாகச் சுற்றாதீர்கள். எண்ணெய் மட்டம், தண்ணீர்ச் சுற்று, விசிறியின் தூசு ஆகியவற்றைப் பார்த்து, சூடு அதிகமானதன் காரணத்தை முதலில் தேடுங்கள்.

பெட்ரோல் இன்ஜின்: ஈரமா, உலர்வா?

பவர் வீடர், புல் வெட்டும் கருவி, சிறிய அவுட்போர்டு ஆகியவை கயிறு இழுக்கும் பெட்ரோல் இன்ஜின்கள். பெட்ரோல் பல பொருள்களின் கலவை. அதில் லேசான பகுதி 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். சித்திரை வெயிலில் நிற்கும் இன்ஜினின் கார்புரேட்டர் அதைவிடச் சூடாக இருக்கும். அப்போது இரண்டு வகைக் கோளாறு வரலாம். குழாயில் ஆவி அடைத்துப் பெட்ரோல் வராமல் போகலாம். அல்லது கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து வழிந்து, சிலிண்டருக்குள் அளவுக்கு மீறி இறங்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர். அதனால் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

*பிளக் நனைந்திருந்தால்:* பெட்ரோல் மிஞ்சிவிட்டது. பெட்ரோல் குழாயை மூடுங்கள். சோக்கை முழுவதும் விலக்கி, ஆக்ஸிலேட்டரைத் திறந்து, பிளக் வயரைத் துளையில் இருந்து தள்ளி வைத்துவிட்டு ஐந்தாறு முறை கயிறு இழுங்கள். பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக் இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். சூடான இன்ஜினுக்கு சோக் இழுப்பதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு.

*பிளக் உலர்ந்திருந்தால்:* பெட்ரோல் வரவில்லை. டேங்க் மூடியைப் பாருங்கள், குழாய் சைலன்ஸர் பக்கம் ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். நிழலில் இருபது நிமிடம் நிறுத்துங்கள். குழாயைச் சூட்டில் இருந்து விலக்கிக் கட்டினாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

*பெட்ரோல் வருகிறது, ஆனாலும் எடுக்கவில்லை என்றால்:* சூடாக இருக்கும்போதே தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். பெட்ரோல் சிந்தாத இடத்தில், ஆறிய பிறகு நன்றாகவும் சூட்டில் மங்கலாகவும் பொறி வந்தால் இக்னிஷன் காயிலை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாகத் தங்கிவிடும். பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் உப்பலாம். அதனால் பருவம் முடிந்து கருவியைக் கட்டி வைக்கும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

படகில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

அவுட்போர்டு வைத்திருப்பவர்களுக்கு டேங்கில் இருந்து வரும் குழாயின் நடுவில் உள்ள ரப்பர் உருண்டையே நாடி பார்க்கும் இடம்.

- இன்ஜின் திணறும்போது உருண்டை சப்பிப்போய் இருந்தால், டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கிறது அல்லது உருண்டைக்கு முன்னால் அடைப்பு இருக்கிறது.
- எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகாமல் தொளதொளவென்று இருந்தால், எங்கோ காற்று புகுகிறது அல்லது உருண்டையின் வால்வு போய்விட்டது.
- ஓடும்போது உருண்டையை அமுக்கிக்கொண்டே இருந்தால் இழுவை திரும்புகிறது என்றால், இன்ஜினில் உள்ள பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் பலவீனம்.

கார்புரேட்டர் இல்லாத புதிய இன்ஜெக்ஷன் அவுட்போர்டுகளில் மின்சார பம்ப் ஒன்று பெட்ரோலைக் குறிப்பிட்ட அழுத்தத்தில் வைத்திருக்கும். பல மாடல்களில் அது 3 பார் சுற்று வட்டாரம். சரியான எண் கையேட்டில் இருக்கும். சாவியைப் போட்டதும் ஓரிரு நொடி ‘ங்...’ என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். சூட்டில் எடுக்கவில்லை என்றால், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை போட்டு அணைத்து, பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்படிச் செய்தால் எடுக்கிறது என்றால், நிறுத்திய பிறகு குழாயில் அழுத்தம் தங்காமல் இறங்கிவிடுகிறது என்று பொருள். மெக்கானிக்கிடம் அழுத்தமானியை மாட்டி, நிறுத்திய பிறகு முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பு வால்வு, அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு, சொட்டுகிற இன்ஜெக்டர் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

டீசல் இன்ஜினைப் பெட்டி போட்டோ தார்ப்பாயாலோ மூடி வைத்திருக்கும் படகுகளில், நிறுத்தியதும் மூடியைத் திறந்துவிடுங்கள். தேங்கிய சூடு வெளியேறும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் ஊகத்தில்தான் பாகம் மாற்றுவார். கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

1. எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, நிறுத்தி எத்தனை நிமிடத்தில் மறுக்கிறது?
2. தானாக நின்றதா, நாம் நிறுத்தினோமா?
3. டேங்க் மூடியைத் திறந்தபோது மாற்றம் இருந்ததா?
4. சூட்டில் நாசில் சத்தம் கேட்டதா? அல்லது பிளக் ஈரமா, உலர்வா?
5. ஹேண்டில் லேசாகச் சுற்றியதா, கனமாகவா?

காசில்லாத சோதனை முதலில், சில்லறைச் செலவு அடுத்து, பெரிய செலவு கடைசியில். இந்த வரிசையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பம்ப்செட் சூட்டில் எடுக்கவில்லை. மெக்கானிக் புது பம்ப் போடச் சொல்கிறார். போடலாமா?

முதலில் மூடி, ஃபில்டர், காற்று ஆகிய மூன்றையும் பாருங்கள். பிறகு ஈரத்துணிச் சோதனை. அதில் பம்ப்தான் என்று தெரிந்தால், எலிமென்ட் மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். புது பாகம் போட்டு, பழைய அழுக்கு டேங்கை அப்படியே விட்டால் அதுவும் சீக்கிரம் தேய்ந்துவிடும். டேங்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றிய பிறகே பம்பை மாட்டுங்கள்.

கேள்வி: ஏர் கிளீனர் வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் விட்டால் சூட்டிலும் எடுக்கிறது. அப்படிச் செய்யலாமா?

வேண்டாம். டீசல் இன்ஜினில் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். பிஸ்டன் உடையலாம், ஹேண்டில் எதிர்த்து அடித்துக் கை முறியலாம், சூடான சைலன்ஸரில் பட்டுத் தீப்பிடிக்கலாம். ஹேண்டில் பிடிக்கும்போது எப்போதும் கட்டைவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்து அடித்தால் கை தானாக விலகிவிடும்.

கேள்வி: பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் இன்ஜின். சூட்டில் எடுக்கிறது, ஆறினால்தான் எடுக்கவில்லை. ஏன்?

உங்களுடையது நேர்மாறான பிரச்னை. மண்ணெண்ணெயில் ஓட்டி அப்படியே நிறுத்தினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். ஆறிய இன்ஜினில் அது ஆவியாகாது. நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: படகு இன்ஜினை நிறுத்தாமலே ஓடவிடுவது தவிர வழியில்லையா? (நாகப்பட்டினம் மாவட்டச் சகோதரி)

இருக்கிறது அம்மா. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களில் ஓடும்போது குறை இல்லை, நிறுத்தினால்தான் மறுக்கிறது. அதனால் எலிமென்ட் தேய்மானத்துக்கே வாய்ப்பு அதிகம். ஆனால் கரையில் கட்டியிருக்கும்போதே மேலே சொன்ன சோதனைகளை வரிசையாகச் செய்து உறுதிசெய்யுங்கள். கடலில் வைத்துச் சோதிக்க வேண்டாம். சரிசெய்த பிறகு, கரையோரமாகவே ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தி, மூன்று முறையாவது சூட்டில் ஸ்டார்ட் செய்து பார்த்த பின் ஆழத்துக்குப் போகட்டும். அதுவரை தனியாகப் போகாமல் இன்னொரு படகோடு சேர்ந்து போவது நல்லது.

படகில் எப்போதும் நங்கூரமும் கயிறும், துடுப்பு, லைஃப் ஜாக்கெட், டார்ச், ஸ்பேனர், ஒரு ஃபில்டர், இரண்டு கிளிப், கொஞ்சம் ஹோஸ், காப்பர் வாஷர் ஆகியவை இருக்க வேண்டும். இன்ஜின் நின்றால் முதல் வேலை நங்கூரம் போடுவது. இரண்டாவது வேலைதான் ஸ்பேனர். ஆபத்தில் கடலோரக் காவல் படையின் 1554 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். சிக்னல் கிடைக்காத தூரத்துக்குப் போகிறவர்கள், எந்தத் திசை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டே போக வேண்டும். நீங்கள் அதைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள்.

வயல் கருவிகளைப் பொறுத்தவரை, உங்கள் உபகோட்டத்தில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம். தண்ணீர் முறை வரும் வாரத்தில் இன்ஜினைக் கழற்றாமல், அறுவடை முடிந்து கருவி சும்மா நிற்கும் நாள்களில் டேங்க் கழுவி, ஃபில்டர் மாற்றி, குழாய்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மூடியின் ஊசித் துளையை இன்றைக்கே பாருங்கள்.